மரேசியா நிமிர்ந்த வருஷம்

எங்கள் கட்டிடத்தில் யாரும் கோப்பை நிறையக் காப்பி ஊற்றுவதில்லை. கருமித்தனம் என்று நினைக்க வேண்டாம். நிறைய ஊற்றினால் கிழக்குப் பக்கம் வழிந்துவிடும். கடலைப் பார்த்து நின்றால் அது இடது கைப் பக்கம். மரேசியா அந்தப் பக்கம் சாய்ந்த கட்டிடம்.

எங்கள் துறைமுக ஊரான சாந்தோஸின் கடற்கரையில் இது ஒன்றும் அதிசயமில்லை. ஊருக்குள்ளிருந்து கடலுக்கு ஓடும் கால்வாய்களுக்கு இங்கே எண்தான் பெயர். மூன்றாம் கால்வாயிலிருந்து ஆறாம் கால்வாய் வரை நடந்து பாருங்கள், ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று வரிசையாகச் சாய்ந்து நிற்கும். மேலே மணல், மணலுக்குக் கீழே குழைந்த களிமண். காப்பிப் பணம் புரண்ட காலத்தில் எல்லோரும் கடல் பார்த்த வீடு கேட்டார்கள். கட்டியவர்களும் அவசர அவசரமாக மணல் மேலேயே பத்து மாடி, பன்னிரண்டு மாடி என்று ஏற்றிவிட்டுப் போய்விட்டார்கள். பக்கத்தில் இன்னொன்று எழும்பியதும் நடுவிலிருந்த களிமண் நசுங்கியது. எங்கள் கட்டிடமும் பக்கத்துக் கட்டிடமும் ரகசியம் பேசுகிற இரண்டு சம்பந்திகள் மாதிரி தலையைச் சேர்த்துக்கொண்டன.

கட்டிடக் கலை படிக்கிற பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். கீழே விரித்து வைத்த கால்கள் போன்ற தூண்கள், வளைந்த பால்கனிகள், காற்று வருவதற்காக ஓட்டைக் கல்லால் கட்டிய படிக்கட்டுச் சுவர், வாசல் கூடத்தில் சின்னச் சின்ன நீல ஓடுகளால் செய்த மீன் கூட்டம், எல்லாவற்றையும் படம் எடுப்பார்கள். நவீன கட்டிடக் கலையின் முத்து என்பார்கள். ஒரு பெண் என்னிடம், "இப்படிப்பட்ட கட்டிடத்துல வாழுறது பெருமையா இருக்குமே மேடம்?" என்று கேட்டாள். என் குளியலறைக் கதவைச் சரியாக மூட முடிந்து பல வருஷமாகிறது என்றேன். அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

என் பெயர் தால்வா. ஒன்பதாம் மாடியில், வீட்டிலேயே முடி வெட்டிச் சாயம் போடுகிறேன். தலை கழுவுகிற தொட்டியில் தண்ணீர் எப்போதும் ஒரு மூலையில்தான் தேங்கும். என் எதிர் வீட்டுக்காரி ஜுரேமாக்காவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். வேறு யாரும் சொல்லப் போவதில்லை. கட்டிடம் நிமிர்ந்ததைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. எஞ்சினியர்களின் படம் வந்தது. அவள் பெயரை ஒருவரும் போடவில்லை.

ஜுரேமாக்கா துறைமுக அலுவலகத்தில் தொலைபேசி இணைத்துக் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நாள் முழுக்க மற்றவர்களின் கோபத்தைக் காதில் வாங்கிப் பழகியவள் என்பதால்தானோ என்னவோ, எங்கள் கட்டிடத்துக்கு நிர்வாகியாக இருக்க அவளைப் பிடித்து உட்கார வைத்தோம். வேறு ஒருவரும் அந்த நாற்காலியைத் தொடத் தயாரில்லை. தண்ணீர் வரவில்லையா, ஜுரேமா. மேல் வீட்டு நாய் குரைக்கிறதா, ஜுரேமா. லிஃப்ட் சுவரில் உரசிக்கொண்டு கிறீச்சிடுகிறதா, அதற்கும் ஜுரேமாதான். அவள் கால்கள் சாயங்காலத்தில் செருப்புக்குள் போகாத அளவு வீங்கிவிடும்.

அவளுக்கு ஒரே ஒரு வைராக்கியம்: கட்டிடத்தை நிமிர்த்த வேண்டும். நகராட்சி எஞ்சினியர்கள் வருஷா வருஷம் வந்து அளந்து, இன்னும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போவார்கள். விழுந்துவிடாது என்பார்கள். அந்த வார்த்தை அவளைத் தூங்க விடவில்லை. அடியில் ஆழமாகத் தூண் இறக்கி, பெரிய ஜாக்கிகள் வைத்துத் தூக்கினால் நிமிர்த்தலாம் என்று அவள் தெரிந்துகொண்டாள். ஆனால் எங்கள் விதிப்படி ஒரு வீடு மாட்டேன் என்றாலும் வேலை நடக்காது.

எங்கள் ஊரில் கட்டிடக் கூட்டங்களுக்கு இரண்டு அழைப்பு உண்டு. முதல் அழைப்புக்கு எல்லா வீடும் வர வேண்டும். வராவிட்டால் அரை மணி கழித்து இரண்டாம் அழைப்பு, வந்தவர்களை வைத்து நடத்தலாம். அதனால் முதல் அழைப்புக்கு எவரும் வருவதில்லை, அதுதான் வழக்கம். ஜுரேமாக்கா மட்டும் போவாள். நீல மீன்களுக்குக் கீழே காலி நாற்காலிகளைப் போட்டு அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்திருப்பாள். "ஏன்க்கா இந்த வெட்டி வேலை?" என்று கேட்டேன். "யாராவது வந்துட்டா? வந்தவங்க ஆளில்லாம நிக்கக் கூடாதுல்ல" என்றாள். வருஷங்கள் போயின, யாரும் வரவில்லை.

இதற்கிடையில்தான் அவள் புருஷன் லவுரிந்தோவுக்குப் பக்கவாதம் வந்தது.

லவுரிந்தோ கப்பலில் காப்பி மூட்டை ஏற்றியவர். தோளில் மூட்டையோடு பலகைப் பாலத்தில் ஓடி ஏறிய ஆள். அவருக்கு இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. மருத்துவமனையில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிறுத்தி நடக்கப் பழக்கினார்கள். இடது பாதம் மேலே எழும்பாமல் தரையில் தேய்ந்து மடங்கும், உடனே மனுஷன் சரிவார். மாதக்கணக்கில் பார்த்துவிட்டு, சக்கர நாற்காலிதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஜுரேமாக்கா அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

ஒரு மத்தியானம் அவள் தண்ணீர் மோட்டார் விஷயமாகக் கீழே போயிருந்தாள். துறைமுகத்துக்குள் நுழைகிற கப்பல் ஒன்று நீளமாக ஊதியது. லவுரிந்தோ நாற்காலியை விட்டு எழுந்து, அறைகளுக்கு நடுவிலுள்ள நடையில் நடந்து, கடல் பார்த்த ஜன்னலுக்குப் போய் நின்றுவிட்டார். ஜுரேமாக்கா திரும்பி வந்தபோது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். சாய்ந்த தரைதான் காரணம். அந்த நடையில் கடலை நோக்கிப் போனால் தரை இடது பக்கம் தாழ்ந்திருக்கும். தூக்க முடியாத கால் தட்டாமல் தானாக முன்னே ஆடி விழுந்தது. மருத்துவமனையின் சமதளத்தில் வராத நடை எங்கள் கோணல் கட்டிடத்தில் வந்துவிட்டது.

திரும்பி வருவதுதான் பாடு. திரும்பினால் நல்ல கால் பக்கம் பள்ளமாகிவிடும், கெட்ட கால் மேட்டில் இடிக்கும். அப்போது ஜுரேமாக்கா தோள் கொடுப்பாள். தினமும் காலையிலும் சாயங்காலத்திலும் இதுதான். போகும்போது தனியாக, கம்பு கூட இல்லாமல், ராஜா மாதிரி போவார். வரும்போது அவள் மேல் முழு எடையையும் போட்டுச் சாய்ந்து வருவார்.

"போறது என் நடை, வர்றது உன் நடை" என்பார் லவுரிந்தோ.

"ஆமாய்யா, மூட்டை தூக்குனவனைக் கட்டிக்கிட்டு இப்ப நான் மூட்டை தூக்குறேன்" என்பாள் அவள்.

தெருவில் இறங்கினால் விழுவார் என்பதால் அவர் கீழே வருவதே இல்லை. அந்த நடையும் அந்த ஜன்னலும்தான் அவருக்கு ஊர். நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் கப்பல்களைப் பார்த்து, எதில் சோயா, எதில் சர்க்கரை என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஜுரேமாக்காவோ கட்டிடத்தை நிமிர்த்தும் பேச்சை நிறுத்திவிட்டாள். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

எல்லாவற்றையும் கலைத்தது பன்னிரண்டாம் மாடி வக்கீல் எவரிஸ்தோதான். "சாஞ்சா சாஞ்சுட்டுப் போகுது, விழுந்தா போயிடுச்சு?" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் மறித்தவர் அவர். ஒரு நாள் லிஃப்ட் சுவரில் சிக்கி அவர் பாதி மாடியில் மாட்டிக்கொண்டார். வாட்ச்மேன் ஜெனிவால் கதவை நெம்பி இழுப்பதற்குள் அவருடைய கத்தல் கடற்கரை வரை கேட்டது. வெளியே வந்ததும் முதல் வார்த்தை: "கூட்டத்தைக் கூட்டுங்க. உடனே நிமிர்த்தணும்!"

கூட்டத்துக்கு முந்தின நாள் ஜுரேமாக்கா என்னிடம் சாயம் போட வந்தாள். தலையைத் தொட்டியில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள்.

"தால்வா, நிமிர்த்துனா அவர் நடக்க மாட்டார்டி."

எனக்குக் கை நின்றுவிட்டது. "அவர்கிட்ட பேசினியா?"

"என்னன்னு பேச? இத்தனை வருஷமா நான்தானே ஊரைக் கூட்டினேன். இப்ப எல்லாரும் சரின்னு வர்றாங்க. என் வீடு மட்டும் மாட்டேன்னு சொல்லவா? பத்தாம் மாடியில மூணு குழந்தைங்க இருக்கு. கீழ தூண்ல விழுந்திருக்கிற விரிசலை நீ பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"அப்புறம் என்ன." சாயம் கண்ணோரம் வழிந்தது. சாயம்தான் என்று இரண்டு பேரும் வைத்துக்கொண்டோம். "எனக்கு ரொம்ப அலுப்பா இருக்குடி" என்றாள்.

மறுநாள் நடந்தது எங்கள் கட்டிடத்தில் அதற்கு முன்போ பின்போ நடக்காதது. முதல் அழைப்புக்கே எல்லோரும் வந்துவிட்டார்கள். அவரவர் வீட்டு நாற்காலியோடு, சிலர் இரவு உடையோடு. ஜுரேமாக்கா லிஃப்டை விட்டு வெளியே வந்து கூட்டத்தைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்த அரை மணி நேரத் தனிமைகூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

மாடி மாடியாகக் கூப்பிட்டாள். இரண்டாம் மாடி சரி, மூன்றாம் மாடி சரி. ஒன்பதாம் மாடி என்றதும் நான் கையைத் தூக்கினேன். எதிர் வீட்டைக் கூப்பிட வேண்டிய இடத்தில் அதைத் தாண்டிப் பத்தாம் மாடிக்குப் போய்விட்டாள். பன்னிரண்டில் எவரிஸ்தோ இரண்டு கையையும் தூக்கினார். கூடம் முழுக்கக் கைதட்டல்.

"ஒரு வீடு பாக்கி இருக்கு" என்றார் எவரிஸ்தோ. சட்டம் படித்தவர் அல்லவா, விடுவாரா. "உங்க வீடு, மேடம்!"

அவள் வீட்டுப் பட்டியலை மடித்தாள், மறுபடி பிரித்தாள். யாரோ பின்னாலிருந்து, "எங்களை இத்தனை வருஷம் துளைச்சு எடுத்துட்டு இப்ப அம்மா யோசிக்கிறாங்களா?" என்று கேட்டார்கள். சிரிப்பு எழுந்தது. எனக்கு அந்தச் சிரிப்பில் நாற்காலியைத் தூக்கி எறிய வேண்டும்போல் இருந்தது.

அப்போது உள்தொலைபேசி அடித்தது. ஜெனிவால் எடுத்துக் கேட்டுவிட்டு, "ஜுரேமாம்மா, அண்ணன் பேசுறாரு" என்று நீட்டினார்.

பக்கத்தில் நின்றதால் லவுரிந்தோவின் குரல் எனக்கும் கேட்டது. "என்ன ஜூ, கீழ கைதட்டுறாங்க, சத்தம் பாதியில நின்னுபோச்சே. கையைத் தூக்குடி."

"உனக்குத் தெரியுமாய்யா, தூக்குனா என்னாகும்னு?"

"மூளையில பாதிதான் போச்சு, மீதி இருக்கு. கீழ விரிசல்னு நீதானே புலம்புற. ஒருத்தன் ஜன்னலுக்கு நடந்து போகணும்னு ஒரு கட்டிடமே சாஞ்சு நிக்கணுமா? வெக்கமா இருக்கு. தூக்கு."

அவள் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே இன்னொரு கையைத் தூக்கினாள்.

வேலை மாதக்கணக்கில் நடந்தது. அடியில் தோண்டி, ஆழமாகத் தூண்கள் இறக்கி, உத்தரங்கள் போட்டு, ஜாக்கிகளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினார்கள். நாங்கள் வீட்டைக் காலி செய்யவில்லை. எங்கள் ஒவ்வொரு கட்டிலுக்கும் அலமாரிக்கும் அடியில் ஒரு முட்டு இருந்தது. கட்டைத் துண்டு, மடித்த அட்டை, பாட்டில் கார்க், ஒரு வீட்டில் பைபிள் கூட. கட்டிடம் நிமிர நிமிர அவற்றை எடுக்க வேண்டும். நாங்கள் மறந்தோம். பிறந்ததிலிருந்து முட்டு வைத்தே வாழ்ந்த ஜனம், முட்டைத் தரையின் ஒரு பாகமாகவே நினைத்திருந்தோம். குளிர்சாதனப் பெட்டிகள் எதிர்ப் பக்கம் சாய்ந்து கதவு தானாகத் திறந்துகொண்டன. ஆறாம் மாடியில் ஒருவர் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து எஞ்சினியரைத் திட்டினார். ஜெனிவால் சாக்கோடு வீடு வீடாகப் போய் முட்டுகளைப் பொறுக்கினார்.

எதிர் வீட்டில் வேறு மாதிரி. முதலில் லவுரிந்தோ சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு. பிறகு போகும்போதும் ஜுரேமாக்காவின் தோள். கட்டிடம் நேராக நின்றது என்று எஞ்சினியர்கள் கைகுலுக்கிக்கொண்ட வாரம், அவர் நடையில் குப்புற விழுந்தார். சத்தம் கேட்டு ஓடினேன். ஜுரேமாக்கா தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்யா உன் காலைப் பிடுங்கிட்டேன்."

"சும்மா இருடி. உன் தரை நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் இவ்வளவு நேரான இடத்துல பழக்கமில்ல."

ஜெனிவால் கேள்விப்பட்டு அந்த முட்டுச் சாக்கை மேலே தூக்கி வந்தார். நடையில் பலகைகளைப் பரப்பி, ஒரு பக்கம் எல்லோருடைய கட்டைகளையும் அடுக்கிச் சரிவு போட்டார். நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். லவுரிந்தோ ஒரு அடி வைத்தார். பலகை நழுவி, கார்க்குகள் நாலாபக்கமும் ஓடின. ஜெனிவால் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். "விடுப்பா, கப்பல்ல வேலை பாத்தவன் கட்டுமரத்துல ஏறலாமா" என்று சிரித்தார் லவுரிந்தோ. அதற்குப் பிறகு அவர் ஜன்னலுக்குப் போகக் கேட்கவில்லை. கப்பல் ஊதினால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார். ஜுரேமாக்கா நிர்வாகி வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டிடமே கூடி விருந்து வைத்தது. கறுப்பு பீன்ஸும் பன்றிக் கறியும் அண்டா அண்டாவாக. சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் கடற்கரையில் நின்று, பின்னால் நிமிர்ந்த மரேசியா தெரியும்படி படம் எடுக்க வேண்டும் என்றார் எவரிஸ்தோ. நிர்வாகி இல்லாமல் படமா? ஜுரேமாக்காவைப் பிடித்து இழுத்தார்கள். புருஷனும் வந்தால்தான் வருவேன் என்றாள். ஜெனிவால் லவுரிந்தோவைச் சக்கர நாற்காலியில் தள்ளி வந்தார். பக்கவாதத்துக்குப் பின் முதல் தடவையாக அவர் மணலைத் தொட்டார்.

படம் எடுக்கிறவர் பின்னால் போங்கள், இன்னும் பின்னால் போங்கள் என்றார். சக்கரம் மணலில் புதைந்தது.

"என்னை இறக்குங்கப்பா, நாற்காலியைத் தூக்குங்க" என்றார் லவுரிந்தோ. ஜுரேமாக்கா பிடித்து எழுப்பினாள். அவளைச் சற்று விலக்கி அவர் மேற்கே, மூன்றாம் கால்வாய்ப் பக்கம் பார்த்து நின்றார். கடல் இடது பக்கம் இருந்தது. மணல் கடலை நோக்கிச் சரிந்திருந்தது. இடது கால் முன்னே ஆடி விழுந்தது. அடுத்து வலது. மறுபடி இடது.

"யோவ்!" என்றாள் ஜுரேமாக்கா. அவர் நிற்கவில்லை.

படத்துக்காக வரிசையில் நின்ற நாங்கள் எல்லோரும் தலையைத் திருப்பிவிட்டோம். வாசல் கூடத்தில் இன்றும் அந்தப் படம் மாட்டியிருக்கிறது. கட்டிடம் நேராக நிற்கிறது, ஒரு முகமும் கேமராவைப் பார்க்கவில்லை. ஜுரேமாக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வீங்கின காலோடு அவர் பின்னால் ஓடினாள். கொஞ்ச தூரம் போய் அவர் திரும்ப முயன்றார். திரும்பினால் கடல் வலது பக்கம். ஒரே அடியில் தடுமாறி அவள் மேல் சாய்ந்தார். இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்து சிரித்தார்கள். ஜெனிவால் வெளிப்படையாகவே அழுதார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அப்படித்தான். கடலை இடது பக்கம் வைத்து மூன்றாம் கால்வாய் வரை நடப்பார்கள். தோளில் தாங்கி அவ்வளவு தூரம் திரும்பி வர அவளால் ஆகாது. மூன்றாம் கால்வாயில் பஸ் ஏறி வருவார்கள்.

ஒரு தடவை நான் கடையில் சாயப் புட்டிகள் வாங்கிக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறினேன். லவுரிந்தோ ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஜுரேமாக்கா அவருடைய நல்ல தோளில் தலையைப் போட்டு, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். மடியில் மணல் ஒட்டிய செருப்பு. அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

"அண்ணே, நம்ம நிறுத்தம் வருது. எழுப்பட்டுமா?" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "வேண்டாம்மா. பஸ் படகுத்துறை வரைக்கும் போய்த் திரும்பட்டும். இத்தனை வருஷம் நான்தான் இவ மேல சாஞ்சேன். கொஞ்ச நேரம் இவ சாயட்டும்."

நானும் இறங்கவில்லை. பஸ் மரேசியாவைத் தாண்டிப் போனது. கட்டிடம் நேராக நின்றுகொண்டிருந்தது. லவுரிந்தோ மட்டும் அவள் உயரத்துக்குத் தோளை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்.